உப்பளக் கணக்கும் படைத்தேர்வுக் கணக்கும்

நம் கல்விக் கழகம் தன் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், மாலை வகுப்புக்கு வரும் நம் இளைஞர்கள் எந்தப் பாடத்துக்காக மிகுதியான நேரம் அமர்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தோம். ஐயமின்றிக் கணக்குப் பாடத்துக்காகவே. அவர்களுள்ளும் பெரும்பாலோர் படையில் சேருவதற்கான எழுத்துத் தேர்வை மனத்தில் கொண்டு வருபவர்கள். மரக்காணத்தைச் சுற்றியுள்ள சேரிகளிலிருந்து இளைஞன் ஒருவன் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஓடுகிறான் எனில், எதற்காக ஓடுகிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டத்தில் அவன் எவருக்கும் இளைத்தவன் அல்லன். கணக்குத் தாளைக் கண்டதும் அவன் முகம் வாடிவிடுகிறது. இதற்கு மூளையைக் காரணம் காட்டுவோர் உளர். நாம் வரலாற்றைக் காரணம் காட்டுகிறோம். அந்த வரலாற்றில் நாம் அறிந்த அளவை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

மரக்காணத்தின் தொன்மையைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே எனக் கருதுவோரும் உண்டு. பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அவையெல்லாம் பெருமைக்குரியவையே. எனினும் நமக்கு வேண்டுவது பாத்தியில் இறங்கி நின்றவனின் வரலாறு. கடல்நீரைப் பாய்ச்சியவனும், பலகை கொண்டு உப்பை வாரியவனும், கூடையில் சுமந்து அம்பாரம் கட்டியவளும் ஒரு பக்கம். அந்த அம்பாரத்தை அளந்து ஏட்டில் எழுதியவர் மறு பக்கம். நம் முன்னோர் முதல் பக்கத்தில் இருந்தனர்.

1805ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோக உடைமையாக்கிக் கொண்டது. ஒரு கரிசை உப்புக்கு 70 ரூபாய் விலை வைத்தது. கரிசை என்பது 120 மணங்கு. எனவே ஒரு மணங்கு உப்பு 9 அணா 4 பைசாவுக்கு விற்றது என்று ஆகிறது. (அந்நாளில் 16 அணா ஒரு ரூபாய், ஓர் அணாவுக்கு 12 பைசா. இளைஞர்கள் இவ்வகுத்தலைத் தாமே செய்து பார்க்க.) 1844க்குப் பின் அவ்விலை கரிசைக்கு 120 ரூபாயாக, அதாவது மணங்குக்கு ஒரு ரூபாயாக நின்றது. 1888இல் உப்பின்மீது விதித்த வரி மட்டுமே மணங்குக்கு இரண்டரை ரூபாய். கரிசைக்குக் கணக்கிட்டால் 300 ரூபாய்! வாரியவன் கூலி இந்த விகிதத்தில் உயர்ந்ததா என்று எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முதலில் விகிதம் என்பது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டுமன்றோ?

இதில் வேறொரு சிக்கலும் இருந்தது. மணங்கு என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு எடைகள் வழங்கின. சென்னைப் பட்டணத்து வணிகரின் மணங்கு 25 இராத்தல். சர்க்கார் உப்புக் கணக்கில் எழுதிய மணங்கோ 82 இராத்தலுக்கும் சற்று மேல். சொல் ஒன்று, பொருள் மூன்று மடங்குக்கு மேல் வேறு. படைத்தேர்வுக் கணக்கில் இன்றும் நம் பிள்ளைகளை வீழ்த்துவது இதுவே: மீட்டரையும் கிலோமீட்டரையும், நிமிடத்தையும் மணியையும் ஒன்றாக்கிக்கொள்ளாமல் பெருக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

அக்காலத்தில் எண் கற்க வேண்டுமாயின் திண்ணைப் பள்ளிக்கே செல்ல வேண்டும். அங்கே எண்சுவடி கற்பித்தனர். முந்திரி, காணி, மா, மாகாணி, கால், அரை, முக்கால் என்று பின்னங்களைப் பிள்ளைகள் ஓசையோடு ஒப்பித்தனர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. மாவையும் காணியையும் கூட்டினால் வருவது மாகாணி. எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. இன்று மீச்சிறு பொது மடங்கு என்று பாடநூல் கூறும் முறையை நம் மொழி ஒரு சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் திண்ணையில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. வள்ளுவர் எண்ணை எழுத்துக்கு முன்னே வைத்துச் சொன்னார். ஊரார் அவ்விரண்டையும் நமக்கு எட்டாத இடத்தில் வைத்தனர். மரக்காலைத் தூக்கி அளந்து கொட்டியவன் நம்மவன். எத்தனை மரக்கால் ஒரு கலம் என்பதை வாயால் அறிவான், ஏட்டால் அறியான்.

பிறர் போட்ட கணக்கால் நம் மக்கள் உயிர் துறந்த காலமும் உண்டு. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில், சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினர். வடக்கே ஆந்திரக் கடற்கரையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே முடிவது நம் மரக்காணத்தில்தான். 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் நிவாரணக் கூலியைக் குறைத்து, ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கணக்கிட்டார். அவ்வளவு உணவு கொண்டு மண்வெட்டி பிடிக்க இயலாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் வாதிட்டார். இரு தரப்பும் எண்களைக் கொண்டே வாதிட்டன. பசித்தவன் அந்த அவையில் இல்லை.

எண்ணும் எழுத்தும் நம்மவர்க்கு முதலில் கைவந்த இடங்களுள் ஒன்று படை. மரக்காணத்துக்கு வடக்கே இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையை நம் இளைஞர்கள் பார்த்திருப்பர். பிரெஞ்சுக்காரரிடமிருந்து அதனைக் கைப்பற்றி ஆங்கிலேயர் அழித்தது 1760இல். அத்தகைய போர்கள் நிகழ்ந்த இக்கருநாடகப் பகுதியில், 1780ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பயனியர் படையை அமைத்தனர். அதுவே பின்னர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர் படையாக வளர்ந்தது. பாலம் அமைத்தல், பதுங்குகுழி வெட்டுதல், பாதை போடுதல் ஆகியன அதன் பணிகள். பறையர் சமூகத்தவர் அப்படையிலும் பயனியர் படைகளிலும் கணிசமாகப் பணிபுரிந்தனர். மண்வெட்டி அவர்களுக்குப் புதிதன்று. கயிறு பிடித்து நீளம் அளப்பதும், சரிவு பார்ப்பதும், வெடிமருந்தை நிறுத்துப் போடுவதும் புதியவை. ஊரில் மறுக்கப்பட்ட கணக்கு அங்கே கட்டளையாகவே வந்தது.

படைப்பள்ளிகளின் பயனை உணர்த்த ஒரு குடும்பத்தைச் சுட்டினால் போதும். அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர். படைப்பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். அண்ணல் பிறந்ததும் 1891இல் மாவ் என்னும் படைநகரத்தில்தான். கம்பெனிப் படையில் வீரர்களுக்கும் அவர்தம் ஆண், பெண் மக்களுக்கும் கல்வி கட்டாயமாக இருந்ததையும், தீண்டப்படாதோர்க்கு அதனால் விளைந்த நன்மையையும் அண்ணலே எழுதியுள்ளார். நம் மாகாணத்தில் எம். சி. ராஜா 1883இல் பிறந்த பரங்கிமலையும் ஒரு படைநகரமே. அவரும் ஆசிரியராகத் தம் வாழ்வைத் தொடங்கியவர்.

அக்கதவு நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த இராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர் என்னும் கொள்கையைப் பரப்பினார். வீரம் சில வடநாட்டுக் குலங்களுக்கே பிறப்பால் உரியது என்ற அக்கொள்கைக்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. மராட்டியத்தில் மகார்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1933இல் பயனியர் படைகளும் கலைக்கப்பட்டன. சாப்பர் படை மட்டும் நின்றது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டது. தகுதியற்றவர் எல்லாம் மீண்டும் தகுதி பெற்றுவிட்டனர்! 1941இல் மகார் படைப்பிரிவு பெல்காமில் அமைக்கப்பட்டது. சென்னைப் படைப்பிரிவும் உயிர் பெற்றது. 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலி நாட்டில், கண்ணிவெடியின்மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து மாண்டு, ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்விருதைப் பெற்ற முதல் இந்தியரான சுபேதார் சுப்பிரமணியன், நமக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரம் வட்டாரத்தவர். சென்னைச் சாப்பர் படையினர்.

தேர்வு என்பதைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த கருத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கேட்டபோது, இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் அதனை எதிர்த்துப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். 3,412 பேர் கையொப்பமிட்ட அவ்விண்ணப்பம் 112 அடி நீளம் இருந்தது. நாட்டு விடுதலைக்கு மாறான செயல் என்று இதனைப் பழித்தோர் பலர். அவர் கேட்டது இதுதான்: பள்ளிக்குள் நுழையவே ஒரு கூட்டத்தாரை விடாமல் வைத்துவிட்டு, தேர்வு எல்லார்க்கும் பொது என்று கூறினால், வெல்பவர் யார், வென்றபின் யார்மீது ஆளுகை செய்வர்? இக்கேள்விக்கு விடையாகவே பிற்காலத்தில் இடஒதுக்கீடு வந்தது என்பது நம் கருத்து.

ஆயினும் இதனை நம் இளைஞர்கள் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்: குடிமைப் பணிகளில் நமக்குள்ள அவ்வொதுக்கீடு, படைவீரர் தேர்விலும் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்விலும் இல்லை. அங்கே தளர்த்திய மதிப்பெண்ணும் கிடையாது. இது முறையா என்பது பற்றி நம் கழகத்தில் இரு கருத்துகள் உண்டு. பொதுக்குழுவில் வாக்குவாதமே நிகழ்ந்திருக்கிறது. முறையோ அன்றோ, அடுத்த தேர்வுக்கு அமரப்போகும் பையன் அதே தாளைத்தான் எழுத வேண்டும். ஒதுக்கீடு உள்ள வாயில் ஒன்று உண்டு. அமராவதிநகரில் 1962 முதல் நடைபெற்றுவரும் சைனிக் பள்ளியில் ஆதிதிராவிடர்க்கு நூற்றுக்கு 15 இடங்கள். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வின் மொத்த மதிப்பெண் 300. அதில் கணக்குக்கு மட்டும் 150. சரிபாதி! ஐந்தாம் வகுப்பிலேயே பிள்ளையின் கணக்கைக் கவனியாத பெற்றோர், அந்த 15 இடங்களையும் கைநழுவ விடுகின்றனர்.

படைவீரர் தேர்வில் அண்மையில் நேர்ந்த ஒரு மாற்றம் நம் பகுதியைப் பெரிதும் தொட்டது. முன்னர் ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டமும் உடற்சோதனையும் முதலில் நடக்கும். தேறியவர்க்கே எழுத்துத் தேர்வு. உப்பளத்தில் வெயில் தின்று வளர்ந்த நம் பிள்ளைகள் முதற்கட்டத்தை எளிதில் கடந்தனர். ஊரில் இனிப்பு வழங்கியவர்களும் உண்டு. பின்னர் எழுத்துத் தேர்வின் முடிவு வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மீண்டும் பாத்தியில் இறங்குவர். அப்படி இறங்கியவன் ஒருவனிடம் நாம் ஆறுதல் கூறச் சென்றபோது, “ஓடச் சொன்னாங்க, ஓடினேன், வகுக்கச் சொன்னாங்க, தெரியலே” என்றான். 2022 ஜூன் மாதம் நான்காண்டுப் பணிக்கான அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2023 முதல் கணினிவழி எழுத்துத் தேர்வு முதலிலும் ஓட்டம் பின்னரும் என்று வரிசை மாறிவிட்டது. இனிக் கணக்கில் தவறினால் ஓடிக்காட்டும் வாய்ப்பே இல்லை. நான்காண்டுக்குப் பின் நூற்றுக்கு 25 பேர்க்கு மிகாமலே நிலையான பணி பெறுவர் என்பதையும் மறைக்காமல் சொல்லியே நாம் வகுப்பில் சேர்க்கிறோம். மொழித் தடை சிறிது தளர்ந்தது ஒரு நன்மை: 2025ஆம் ஆண்டுத் தேர்வு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடந்தது.

பொதுப்பணி வீரருக்கான தாளில் 50 வினாக்கள். ஒரு மணி நேரம். சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழியும். கணக்கு வினாக்கள் 15. சராசரியாக ஒரு வினாவுக்கு 72 நொடி. ஆனால் பொதுஅறிவு வினாவுக்கு அவ்வளவு நேரம் வேண்டுவதில்லை. தெரியும் அல்லது தெரியாது. பொதுஅறிவும் அறிவியலுமாகிய 30 வினாக்களை அரை நிமிடத்துக்கு ஒன்றாக 15 நிமிடத்தில் முடித்து, நுண்ணறிவு வினாக்கள் ஐந்துக்கு 5 நிமிடம் ஒதுக்கினால், எஞ்சும் 40 நிமிடமும் கணக்குக்கே. ஒரு கணக்குக்கு 160 நொடி. இந்நேரத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கைப் பதற்றமின்றிச் செய்யலாம். தேர்ச்சிக்கு 35 போதும் என்று எண்ணி அமர்ந்துவிடலாகாது. தரவரிசையில் இடம்பெற அது போதாது.

தெரியாத வினாவுக்குக் குறி போடலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கின்றனர். கணக்கிட்டே விடை கூறுவோம். நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும்: 2 கிடைக்கும், மூன்றுக்கு ஒன்றரை கழியும், மிச்சம் அரை. அதிகாரிப் பயிற்சிக்கான தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்விலோ கணக்குத் தாளுக்கு 300 மதிப்பெண், 120 வினா, இரண்டரை மணி நேரம், சரிக்கு 2.5, தவறுக்கு 0.83. அங்கே நான்கைக் குருட்டாம்போக்கில் குறித்தால் 2.5 வந்து 2.49 போகும். உழைப்பும் வீண், நேரமும் வீண். நான்கு விடைகளுள் இரண்டு பொருந்தா என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எஞ்சியவற்றுள் ஒன்றைக் குறிக்கலாம்.

பயிற்சிக்கு நாம் கண்ட வழி, பாடநூலை விட்டு உப்பளத்திலிருந்து தொடங்குவதே. கடல்நீரில் உப்புகள் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. 1000 கிலோ கடல்நீரில் 35 கிலோ. உப்பு பூப்பதற்கு ஏறக்குறைய 25 பங்கு செறிவு வேண்டும். எவ்வளவு நீர் ஆவியாக வேண்டும்? பலர் மூன்றரையை இருபத்தைந்திலிருந்து கழித்துவிட்டுத் திகைப்பர். மாறாதது எது என்று கேட்டால் வழி திறக்கும். உப்பு மாறவில்லை, நீர்தான் குறைகிறது. 35 கிலோ நான்கில் ஒரு பங்காக இருக்க வேண்டுமெனில் மொத்தம் 140 கிலோ. ஆவியானது 860 கிலோ. (இடையில் படிந்துவிடும் ஜிப்சம் முதலியவற்றின் நுட்பத்தை இங்கு விட்டுவிட்டோம்.) பாத்தியைக் கண்ணால் பார்த்தே பதம் சொல்லும் தாய்மார் செய்வதும் இதே கணக்குத்தான் என்றபோது, வகுப்பில் ஒரு பெண்பிள்ளை சிரித்துவிட்டாள். அதன்பின் கலவைக் கணக்குக்கு அவள் அஞ்சியதில்லை.

வட்டிக் கணக்கும் அவ்வாறே. மழைக்காலத்தில் வாங்கும் முன்பணத்துக்கு மூன்று வட்டி என்றால், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36. பாடநூலில் வரும் வட்டி வீதமோ ஆண்டுக்குரியது. 5,000 ரூபாய்க்கு மூன்று வட்டி வீதம் பத்து மாதத்துக்கு 1,500 ரூபாய் என்பதை வகுப்பில் போட்டுக் காட்டியபோது, தேர்வு எழுதாத பெற்றோரும் சன்னலோரம் நின்று கேட்டனர். “12 கூலியாட்கள் 8 நாளில் முடிக்கும் வேலையை 8 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பர்?” என்று பாடநூல் கேட்கிறது. அந்தக் கூலியாட்கள் யாவர் என்று நாம் அறிவோம். பன்னிரண்டையும் எட்டையும் பெருக்கிய 96 ஆள்நாளை எட்டால் வகுக்க, 12 நாள். ஓடுகிறவனுக்கு ஓட்டத்தையே கணக்காகத் தரலாம்: 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால் வேகம் என்ன? 330 நொடியால் வகுத்தால் நொடிக்கு 4.85 மீட்டர், 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு ஏறக்குறைய பதினேழரைக் கிலோமீட்டர்.

பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். உச்ச நீதிமன்றம் 2021இல் இட்ட ஆணைக்குப் பின் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பெண்கள் சேர்க்கப்பட்டனர்; முதல் அணியினர் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தனர். அங்குக் கடற்படை, வான்படைப் பிரிவுகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் படித்திருத்தல் வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின், கணக்குக்கு அஞ்சி வேறு பிரிவில் சேரும் பெண்ணுக்கு அவ்விரண்டு கதவுகளும் பதினாறு வயதிலேயே மூடிவிடுகின்றன. அத்தேர்வுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதால், கணக்குச் சொற்களை ஆங்கிலத்திலும் பழக்க வேண்டியிருக்கிறது. இதற்கான சிறு சொற்பட்டியலை நம் ஆசிரியர்கள் தயாரித்து வருகின்றனர்.

ஐப்பசியில் மழை இறங்கி உப்பளம் ஓயும்போது நம் கணக்கு வகுப்பு முழுவேகம் கொள்ளும். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஏழு மணிக்கு விளக்கு ஏற்றப்படும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரத்துக்கு 50 வினாக்கள் கொண்ட மாதிரித் தேர்வு. தவறுக்கு அரை மதிப்பெண் கழிக்கப்படும். வருவோர் முப்பது வரையிலான வர்க்கங்களையும் இருபது வரையிலான வாய்ப்பாட்டையும் தம் கையால் எழுதிய ஒரு நோட்டுடன் வர வேண்டும். கைப்பேசியை வாயிலில் உள்ள பெட்டியில் வைத்துவிடலாம்; சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருக்கிறோம்.